90 சதவீதத்தைக் காட்டிக் கதவைச் சாத்தாதீர்கள்

குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் குழுவின் உறுப்பினர்களுக்கு,

உங்களுடைய புதிய முன்னுரிமைப் பட்டியலைப் படித்தேன். போன முறை அதில் இருந்த குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய் இந்த முறை இல்லை. அதற்கு நீங்கள் கொடுத்திருக்கும் விளக்கம் ஒரே ஒரு வரி: இந்த நோயில் பிழைப்பவர்கள் 90 சதவீதத்தை எட்டிவிட்டார்கள், ஆகவே பணம் இதைவிட மோசமான நோய்களுக்குப் போக வேண்டும்.

அந்த 90 சதவீதத்தில் என் மகளும் ஒருத்தி. நான்கு வயதில் அவளுக்கு வில்ம்ஸ் கட்டி என்ற சிறுநீரகப் புற்றுநோய் வந்தது. இன்று வளர்ந்து வேலைக்குப் போகிறாள். அவளைக் கணக்கில் காட்டி, அவளுக்குப் பின்னால் வரும் குழந்தைகளுக்கான ஆராய்ச்சியை நிறுத்துவதை என்னால் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மற்ற நோய்களுக்குப் பணம் போவதில் எனக்கு வருத்தமே இல்லை. மூளைத்தண்டில் கட்டி வந்த குழந்தைகளின் பெற்றோரோடு மாதக்கணக்கில் ஒரே வார்டில் இருந்தவள் நான். அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது எல்லாம் கிடைக்கட்டும். நான் பேச வந்தது நீங்கள் காரணமாகச் சொன்ன அந்த எண்ணைப் பற்றி மட்டும்தான்.

அது யாருடைய எண்? வசதியான நாடுகளில், ஒழுங்கான சிகிச்சை கிடைக்கும் குழந்தைகளுடையது. அதிலும் எல்லா நிலைகளையும் சேர்த்துப் போட்ட சராசரி. வில்ம்ஸ் கட்டி ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். பிள்ளைகளின் சிறுநீரகக் கட்டிகளில் பத்தில் ஒன்பது இதுதான். ஆனால் ஒரே பெயரில் சொன்னாலும் இது ஒரே நோயாக நடந்துகொள்வதில்லை. முதல் நிலையில் இருக்கும் சிறிய கட்டியைக் கொண்ட ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஆபரேஷன் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். செல்கள் உருக்குலைந்து போன அனாப்ளாசியா, கட்டி முழுவதும் பரவியிருந்தால் அதே மருந்துகளுக்கு அது மசிவதில்லை. நூற்றில் ஐந்து முதல் ஏழு குழந்தைகளுக்கு இரண்டு சிறுநீரகங்களிலும் கட்டி வருகிறது. அங்கே புற்றுநோயையும் எடுக்க வேண்டும், சிறுநீரகத்தையும் காப்பாற்ற வேண்டும். அப்புறம் வில்ம்ஸ் அல்லாத அந்தப் பத்தில் ஒரு பங்கு: கிளியர் செல் சார்கோமா, சிறுநீரகச் செல் புற்றுநோய், ராப்டாய்ட் கட்டி. ராப்டாய்ட் கட்டி பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்கு வருகிறது; வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. இவர்கள் எல்லோரையும் ஒரு சராசரிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள்.

என் மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான். அவளைவிட ஒரு வயது பெரியவன். இரண்டு பேருக்கும் ஒரே நோய் என்றுதான் ஆரம்பத்தில் நாங்கள் நினைத்தோம். ஆபரேஷன் முடிந்து பரிசோதனை அறிக்கை வந்த பிறகு அவனுடைய அம்மாவை டாக்டர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பரவலான அனாப்ளாசியா. அதற்குப் பிறகு அவனுக்குக் கொடுத்த மருந்துகளின் பெயர்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன: சைக்ளோஃபாஸ்ஃபமைடு, எட்டோபோசைடு, கார்போபிளாட்டின். சில மாதங்களில் நோய் நுரையீரலுக்கு வந்தது. அடுத்து என்ன மருந்து என்று அவனுடைய அப்பா கேட்டபோது, டாக்டர் நேர்மையாகச் சொன்னார்: இதே மருந்துகளை வேறு விதமாகச் சேர்த்துப் பார்க்கலாம், புதிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பையன் அடுத்த வருடப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

இது நடந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று அதே அறிக்கையோடு ஒரு குழந்தை வந்தால் அந்த அப்பாவுக்கு என்ன பதில் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்த டாக்டர்களிடம் கேட்டுப் பார்த்தேன். இரினோடீகன், டோப்போடீகன் என்று இரண்டு பெயர்கள் கூடியிருக்கின்றன. அவையும் போன நூற்றாண்டிலேயே பெரியவர்களின் புற்றுநோய்க்காக வந்த மருந்துகள்தான். கட்டியில் டிபி53 மரபணு கெட்டிருப்பதுதான் அனாப்ளாசியாவுக்கு முக்கியக் காரணம் என்பது பல வருடங்களாகத் தெரியும். தெரிந்ததை வைத்து ஒரு குழந்தையைக் காப்பாற்றும் வழி இன்னும் வரவில்லை. அப்படியிருக்க, ஆராய்ச்சி போதும் என்று எந்த அளவுகோலை வைத்து முடிவெடுத்தீர்கள்?

சரி, பிழைத்தவர்களின் பக்கம் வருகிறேன். உங்கள் அட்டவணையில் அது வெற்றிப் பக்கம்.

வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்பைப் பிடிக்கும். என் மகளுக்குப் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போனது. விரல்நுனியை இழுத்து இழுத்து நடப்பாள். வாங்கிய ஷூவின் அடிப்பாகம் புதிதாகவே இருக்கும், முன்நுனி மட்டும் தேய்ந்து ஓட்டையாகிவிடும். கணுக்காலுக்கு பிசியோதெரபிஸ்ட் ஒரு பட்டை கொடுத்தார். அவள் அதைக் கழற்றித் தன் பொம்மையின் காலில் கட்டிவிடுவாள். அது சில மாதங்களில் சரியாகிவிட்டது, அதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. சரியாகாதவை வேறு. அவளுக்கு வயிற்றின் ஒரு பக்கம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அந்தப் பக்கத் தசை வளரவே இல்லை, முதுகெலும்பு சற்று சாய்ந்திருக்கிறது. சட்டை தைக்கும்போது இரண்டு பக்கமும் தனித்தனியாக அளவெடுக்க வேண்டும். அப்புறம் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து. அது இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியது. பாதிப்பு பல வருடங்கள் கழித்தும் தலைகாட்டலாம். அதனால் எந்தத் தொந்தரவும் இல்லாமலே அவள் விடாமல் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வரும் வரை வீட்டில் யாரும் சரியாகப் பேசுவதில்லை.

இந்த டாக்ஸோரூபிசினைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் முடிவு ஏன் தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

2001-இல் சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய் சங்கத்தின் ஆய்வாளர்கள் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். இரண்டாம், மூன்றாம் நிலையில், நடுத்தர ஆபத்து வகைக் கட்டி இருக்கும் குழந்தைகளுக்கு டாக்ஸோரூபிசின் உண்மையில் தேவையா என்பதுதான் கேள்வி. சோதனையில் 26 நாடுகளின் 251 மருத்துவமனைகள் சேர்ந்தன. அவ்வளவு பேர் சேர்ந்தும், 583 குழந்தைகளைத் திரட்ட 2009 வரை ஆனது. முடிவு 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்து கொடுத்த குழந்தைகளில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 96.5 சதவீதம். கொடுக்காதவர்களில் 95.8 சதவீதம். மருந்து இல்லாதவர்களிடம் நோய் திரும்புவது கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஆனால் அடுத்த சிகிச்சையில் அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடிந்தது. அதன் பிறகு அந்தச் சங்கத்தின் வழிமுறையில், அந்த வகைக் குழந்தைகளில் பெரும்பாலோரின் சிகிச்சையிலிருந்து டாக்ஸோரூபிசினை எடுத்துவிட்டார்கள்.

என் மகளுடைய கட்டி மூன்றாம் நிலை, நடுத்தர ஆபத்து. அந்தச் சோதனை தொடங்கும் முன்பே அவளுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. முடிவு வெளியானபோது அவள் கல்லூரியில் இருந்தாள். அவளுக்கு மருந்து கொடுத்த டாக்டர்கள் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. அன்றைக்குத் தெரிந்ததில் சிறந்ததைத்தான் செய்தார்கள். ஆனால் ஒன்றைப் பாருங்கள். அந்தச் சோதனை தொடங்கும்போதே இந்த நோயில் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாராவது உங்களைப் போல, பிழைப்பவர்கள் விகிதம் நன்றாக இருக்கிறது, பணத்தை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று முடிவெடுத்திருந்தால், இன்றும் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தேவையில்லாத மருந்து இதயத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

அமெரிக்காவின் குழந்தைப் புற்றுநோய்க் குழு செய்த சோதனைகளும் இதையேதான் காட்டுகின்றன. நுரையீரலுக்கு மட்டும் நோய் பரவிய குழந்தைகளில், ஆறு வார மருந்திலேயே நுரையீரல் சுத்தமாகிவிட்டவர்களுக்குக் கதிர்வீச்சைத் தவிர்த்துப் பார்த்தார்கள். நான்கு ஆண்டுகளில் அவர்களில் 96 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெண் குழந்தை வைத்திருப்பவர்களுக்குத்தான் புரியும். வில்ம்ஸ் கட்டிக்காகச் சிறுவயதில் மார்புப் பகுதியில் கதிர்வீச்சு வாங்கிய பெண்களில், நாற்பது வயதுக்குள் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது. அதே குழு இன்னொரு சோதனையில், இரண்டு வயதுக்குட்பட்ட, முதல் நிலையில் 550 கிராமுக்குக் குறைவான கட்டி இருந்த குழந்தைகளுக்கு ஆபரேஷனோடு நிறுத்திக்கொண்டது. கீமோ கிடையாது. பத்தில் ஒருவருக்கு நோய் திரும்பியது, அவர்களும் பிழைத்தார்கள். நான்கு ஆண்டுக் கணக்கில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. 1பி, 16க்யூ என்ற குரோமோசோம் பகுதிகளை இழந்த கட்டிகளுக்கு மருந்தைக் கூட்டிக் கொடுத்தபோது பலன் முன்னேறியது. இரண்டு பக்கமும் கட்டி வந்த குழந்தைகளுக்கென்று தனியாக நடந்த முதல் சோதனையின் முடிவு 2017-இல்தான் வந்தது. அதில் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 95 சதவீதக் குழந்தைகள் உயிரோடு இருந்தார்கள். இந்த நோயை விவரித்து, பிறகு அதற்கே தன் பெயர் வரக் காரணமான மாக்ஸ் வில்ம்ஸின் நூல் வந்தது 1899-இல். அதிலிருந்து இரண்டு சிறுநீரகங்களும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு ஒரு முறையான பதில் கிடைக்க நூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

யாருக்கு மருந்தைக் கூட்டுவது, யாருக்குக் குறைப்பது என்பதுதான் இந்த நோயின் ஆராய்ச்சி முழுவதும். 1969-இல் அமெரிக்காவிலும் 1971-இல் ஐரோப்பாவிலும் தொடங்கிய சோதனைத் தொடர்கள் இன்று வரை விடாமல் நடந்ததால்தான் உங்கள் அறிக்கையில் எழுத 90 என்ற எண் கிடைத்தது. ஒரு தரப்பு முதலில் ஆபரேஷன் செய்கிறது, இன்னொரு தரப்பு முதலில் மருந்து கொடுக்கிறது. அரை நூற்றாண்டு ஆகியும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் இரண்டு தரப்பிலிருந்தும் நாங்கள் கற்றது ஏராளம். இந்தத் தொடர்ச்சி ஒரு முறை அறுந்தால் மறுபடி கட்டுவது லேசில்லை. அபூர்வமான நோய் என்பதால் எந்த நாடும் தனியாகச் சோதனை நடத்த முடியாது. தரவு சேகரிப்பவர்கள், நோயியல் அறிக்கைகளை மறுபரிசீலனை செய்பவர்கள், நாடுகளுக்கிடையே அனுமதி வாங்கித் தருபவர்கள் என்று ஒரு கூட்டம் பின்னால் இருந்து வேலை செய்கிறது. நிதி நின்றால் முதலில் கலைவது அவர்கள்தான்.

இப்போது ஆராய்ச்சி போகும் திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் பணம் கொடுத்த ஆய்வுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் இந்த நோயைப் பற்றித் தெரிந்துகொண்டது கொஞ்சநஞ்சமல்ல. முன்பு டபிள்யூடி1 என்ற ஒரு மரபணுவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பிறகு டிரோஷா, டிஜிசிஆர்8, சிக்ஸ்1, சிக்ஸ்2, டிரிம்28 என்று வரிசையாகக் கண்டுபிடித்தார்கள். 2018-இல் ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு, வில்ம்ஸ் கட்டியின் செல்கள் கருவிலிருக்கும் சிசுவின் சிறுநீரகச் செல்களை ஒத்திருப்பதைக் காட்டியது. அடுத்த வருடம் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது: கட்டி தோன்றும் முன்பே, பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரியும் சிறுநீரகத் திசுவிலேயே அதன் முன்னோடிச் செல்கள் பரவியிருக்கலாம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மகளுக்கு மிச்சமிருக்கும் அந்த ஒற்றைச் சிறுநீரகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் மனம் அடங்கியது. ஆனால் இப்போது சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் இன்னொரு சிறுநீரகத்தை எவ்வளவு காலம், எப்படிக் கண்காணிப்பது என்பதை இந்தக் கண்டுபிடிப்பை வைத்து யாராவது சொல்ல வேண்டாமா?

இங்கேதான் என் ஆதங்கம். கண்டுபிடிப்புக்கும் கட்டிலில் படுத்திருக்கும் குழந்தைக்கும் நடுவே பாலம் இல்லை. முதலாம் குரோமோசோமின் நீண்ட கரம் கூடுதலாக இருந்தால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்று பல வருடங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. பத்தில் மூன்று கட்டிகளில் இது இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு மருந்தைக் கூட்டினால் பிழைப்பார்களா, வீணாகக் கஷ்டப்படுவார்களா என்பதற்கு ஒரு சோதனைதான் பதில் சொல்ல முடியும். சோதனைக்கு வருடங்களும் பணமும் வேண்டும். அதைவிடச் சுலபமாக நடப்பது வேறொன்று: பொதுவில் கிடைக்கும் அதே பழைய தரவுத்தொகுப்பை எடுத்து, கணினியில் அலசி, இந்த ஐந்து மரபணுக்கள் ஆபத்தைக் கணிக்கும், அந்த ஏழு மரபணுக்கள் கணிக்கும் என்று கட்டுரை போடுவது. அப்படிப்பட்ட கட்டுரைகள் நிறைய வருகின்றன. படிக்கக் கிடைத்தவற்றையெல்லாம் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் அந்தக் கணிப்பைப் புதிய குழந்தைகளிடம் சரிபார்க்கவே இல்லை. ஆய்வு செய்பவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்து நிதி கொடுத்தால் கட்டுரைதான் கிடைக்கும்.

ஆய்வகத்திலிருந்து குழந்தை வரை ஒரு கண்டுபிடிப்பு வந்து சேர முடியாதது இல்லை. பிறந்த குழந்தைகளுக்கு வரும் மீசோபிளாஸ்டிக் நெஃப்ரோமா என்ற சிறுநீரகக் கட்டியில் ஒரு வகைக்கு, இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதுதான் காரணம் என்று 1998-இல் தெரிந்தது. அந்த இணைப்பைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இருபது வருடம் ஆனது, ஆனால் வந்தது. அந்த இணைப்பு பெரியவர்களின் புற்றுநோயிலும் இருந்ததால் மருந்து நிறுவனத்துக்கு அதில் லாபம் இருந்தது. வில்ம்ஸ் கட்டியில் காணும் மரபணுக் கோளாறுகளில் பெரும்பாலானவை பெரியவர்களின் புற்றுநோயில் முக்கியமானவை இல்லை. மரபணு மாற்றங்களும் குறைவு என்பதால், பெரியவர்களுக்குக் கைகொடுக்கும் இன்றைய நோயெதிர்ப்பு மருந்துகள் இங்கே அவ்வளவாக வேலை செய்வதில்லை. ஆகவே சந்தை இந்தக் குழந்தைகளைத் தேடி வராது. பொதுப் பணம்தான் வர வேண்டும். அந்தப் பணம் உங்கள் கையில் இருக்கிறது.

பணக்கார நாடுகளுக்கு வெளியே இருக்கும் குழந்தைகளை உங்கள் அறிக்கை ஓரிடத்தில்கூடக் குறிப்பிடவில்லை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதியான நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை. அதே நிறுவனம் 2018-இல், 2030-க்குள் உலக அளவில் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளைக் காப்பாற்றுவோம் என்று இலக்கு வைத்தபோது, முன்னுரிமைக்கு எடுத்துக்கொண்ட ஆறு புற்றுநோய்களில் ஒன்று வில்ம்ஸ் கட்டி. குணப்படுத்த முடியும் என்பதால்தான் அவர்கள் அதைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே காரணத்தைச் சொல்லி நீங்கள் நீக்கியிருக்கிறீர்கள்.

ஆப்பிரிக்காவில் மலாவி, கானா, கேமரூன், எத்தியோப்பியா போன்ற நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து 2014-இல் ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. அங்கே பிள்ளைகள் இறந்ததற்கு மரபணு மட்டும் காரணமில்லை. பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், பயணத்துக்குப் பணமில்லாமல். ஊட்டமில்லாத உடம்பு மருந்தைத் தாங்காது. பயணச் செலவுக்கும் தங்குவதற்கும் உதவி, உடலுக்கு ஏற்ற மருந்து அளவு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான வழிமுறை என்று செய்தார்கள். பாதியில் நிறுத்துவோர் 23 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தார்கள். சிகிச்சை முடியும்போது நோயின்றி உயிரோடு இருந்தவர்கள் 52 சதவீதத்திலிருந்து 68 ஆனார்கள். இதுவும் ஆராய்ச்சிதான். எந்த விலையுயர்ந்த இயந்திரமும் இல்லாமல் இத்தனை உயிர்களைக் காப்பாற்றிய ஆராய்ச்சி. அப்புறம், மருந்துத் தட்டுப்பாடு ஏழை நாடுகளின் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்காதீர்கள். 2019-இல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டின் கிடைக்காமல் டாக்டர்கள் திண்டாடினார்கள். இந்த நோய்க்கான சிகிச்சை அதை நம்பித்தான் நிற்கிறது.

இன்னும் இரண்டு விஷயங்கள் என் சொந்த அனுபவத்திலிருந்து.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார்கள். கட்டியின் ஒரு துண்டை ஆராய்ச்சிக்காகத் திசு வங்கியில் வைத்துக்கொள்ளச் சம்மதம். படித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. என்ன ஆகும் என்று கேட்டேன். இனி வரும் குழந்தைகளுக்கு உதவும் என்றார்கள். உடனே கையெழுத்துப் போட்டேன். இன்று கேட்டாலும் போடுவேன். ஆனால் அந்தத் துண்டு என்ன ஆனது, யாராவது எடுத்துப் பார்த்தார்களா, ஏதாவது தெரியவந்ததா என்று ஒரு வரி எங்களுக்கு வந்ததில்லை. பிற்பாடு நானே எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. என்னைப் போல எத்தனையோ பெற்றோர் கொடுத்த திசுக்கள் உறைபெட்டிகளில் இருக்கின்றன. நிதி நின்றால் அவற்றின் கதி என்ன?

இரண்டாவது, பெரியவளான பிறகு நடந்தது. குழந்தைகள் பிரிவில் இனி பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். புதிய இதய டாக்டர் கேட்ட முதல் கேள்வி, மொத்தம் எவ்வளவு டாக்ஸோரூபிசின் கொடுத்தார்கள் என்பது. அதற்கு ஒரே தாளில் பதில் எங்கேயும் இல்லை. பழைய கோப்புகளைக் கேட்டு அலைந்து, மங்கிப்போன மருந்துச் சீட்டுகளிலிருந்து நானும் என் கணவரும் உட்கார்ந்து கூட்டிப் போட்டோம். அப்புறம் அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது அவளே டாக்டரிடம் கேட்டாள், தனக்குக் குழந்தை பிறப்பதில் சிக்கல் இருக்குமா என்று. வயிற்றுப் பகுதியில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குக் குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பு அதிகம், கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்று அவரால் சொல்ல முடிந்தது. எப்படிச் சொல்ல முடிந்தது? பிழைத்த பெண்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இருந்ததால். புதிய முறைகளில் சிகிச்சை பெற்ற இன்றைய பெண் குழந்தை இருபத்தைந்து வயதில் அதே கேள்வியைக் கேட்கும்போது பதில் சொல்ல, இன்றே பின்தொடரத் தொடங்க வேண்டும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவற்றை நேராகச் சொல்கிறேன்.

குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோயை மறுபடி பட்டியலில் சேருங்கள். எந்த அளவுகோல்களை வைத்து அதை நீக்கினீர்கள் என்பதையும், அந்தக் கூட்டத்தின் குறிப்புகளையும் வெளியிடுங்கள். ஐந்தாண்டு உயிர்பிழைப்பு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நோயின் தேவையை எடைபோடுவதை நிறுத்துங்கள். சிகிச்சையின் பின்விளைவுகளும், மோசமான வகைகளில் இறக்கும் குழந்தைகளும் அந்தக் கணக்கில் தனியாகத் தெரிய வேண்டும்.

நோய் திரும்பிய குழந்தைகளுக்கும், பரவலான அனாப்ளாசியாவுக்கும், ராப்டாய்ட் கட்டிக்கும் என்று நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, அதைப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் சோதனைகளுக்கு மட்டும் கொடுங்கள். ஒரு சோதனை முடிய எட்டு, பத்து வருடங்கள் ஆகும் என்பதால் ஐந்தாண்டில் முடியும் நிதி இதற்கு உதவாது. நீண்ட கால உத்தரவாதம் வேண்டும். மரபணுக் கணிப்பு ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தால், வேறொரு குழந்தைகள் குழுவில் சரிபார்ப்பதை நிபந்தனையாக வையுங்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் கட்டியின் டிஎன்ஏவைத் தேடும் பரிசோதனைகள் வளர்ந்துவருகின்றன. அவற்றை இப்போது நடக்கும் சோதனைகளோடு இணைத்துப் பார்க்க வழி செய்யுங்கள், தனித்தனி ஆய்வகங்களில் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நிதியில் நடக்கும் ஒவ்வொரு சோதனையிலும் சேரும் குழந்தைக்கு, சிகிச்சை முடியும் நாளில், மொத்த மருந்து அளவும் கதிர்வீச்சு அளவும் எழுதிய சுருக்கத்தைக் கையில் கொடுப்பது கட்டாயமாகட்டும். அவர்களைப் பெரியவர்களான பிறகும் பின்தொடரும் பதிவேட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

ஏழை நாடுகளின் மருத்துவமனைகளைத் திசு மட்டும் அனுப்பும் இடங்களாக வைக்காமல், கேள்வியைத் தீர்மானிக்கும் பங்காளிகளாகச் சேருங்கள். அங்கே தரவு பதிவு செய்பவரின் சம்பளமும், குடும்பத்தின் பயணச் செலவும் ஆராய்ச்சிச் செலவுதான் என்று உங்கள் விதிகளில் எழுதுங்கள்.

திசு கொடுத்த குடும்பங்களுக்கு, அதை வைத்து என்ன ஆய்வு நடந்தது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது எளிய மொழியில் தெரியப்படுத்தச் சொல்லுங்கள். நிதி நின்றுபோன திசு வங்கிகளில் இருப்பவற்றை யார் பொறுப்பேற்பார்கள் என்பதை முடிவு செய்யும் வரை ஒரு மாதிரியையும் அழிக்க அனுமதிக்காதீர்கள்.

கடைசியாக, முன்னுரிமையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் நோயிலிருந்து மீண்ட ஒருவருக்கும், குழந்தையை இழந்த பெற்றோர் ஒருவருக்கும் வாக்குரிமையோடு இடம் கொடுங்கள். அடுத்த ஒதுக்கீட்டில் கையெழுத்திடும் முன் இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் தாருங்கள். எந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அந்தப் பதிலையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வில்ம்ஸ் கட்டியிலிருந்து மீண்ட ஒரு பெண்ணின் தாய்